தையற்காரரின் தூக்கம்

அவரிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அளவெடுக்கும்போது உடம்பைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். "எடது தோளு எறங்கியிருக்கு சார், எப்பவும் அந்தப் பக்கமே பை மாட்டாதீங்க" என்பார். "கழுத்துல தேமல் வருது, காலர் பட்டனை இவ்வளவு இறுக்கிப் போடாதீங்க" என்பார். மார்பு முப்பத்தெட்டு, கை ஒன்பது என்று நோட்டில் குறிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாரே, அதே குரலில்தான் இதையும் சொல்வார். அதில் கேலி இருக்காது, தயக்கமும் இருக்காது. உடம்பைப் பற்றி மறைத்துப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

காரைக்காலில் எங்கள் வீடு, சாமி ஊர்வலம் வரும் தெருவில் இருந்தது. கீழே தெருவைப் பார்த்த அறையைக் கடைக்கும், அதற்கு நேர் மேலே பால்கனி வைத்த அறையைக் குடியிருக்கவும் அவருக்கு விட்டிருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவருக்கு ஐம்பது இருக்கும். கிறிஸ்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை நான் கெடுத்தது போதும். நான் சொல்லப்போவதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் என்னால் எழுத முடிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் தெருவிலேயே நன்றாக உடுத்தியவர் அவர்தான். காலைப் பூசைக்குப் போகும்போது வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்பு நிற்கும் பேண்ட். கடையில் உட்கார்ந்து மிஷின் மிதிக்கும்போதும் சட்டையின் மேல் பட்டனை மட்டும்தான் திறந்துவிட்டிருப்பார். மூன்று வருடங்களில் அவரை வெறும் பனியனோடுகூட யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் உறங்கும்போது உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் உறங்குவார் என்பது ஊருக்கே தெரியும். எப்படித் தெரியுமென்றால், அவரே சொன்னதுதான்.

இளவயதில் வியட்நாமில், சைகோனில் ஓர் உறவினரின் தையற்கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். அங்கே மழை பிடித்தால் மாதக்கணக்கில் துணி காயாதாம். ஈரத்தோடு உடுத்தி, ஈரத்தோடு படுத்து, இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படை பரவி, உட்கார்ந்து மிஷின் மிதிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். அந்த ஊர் வைத்தியர் ஒருவர் மருந்தே கொடுக்காமல், படுக்கும்போது எதையும் உடுத்தாதே, பதினைந்து நாள் கழித்து வந்து காட்டு என்று சொல்லி அனுப்பினாராம்.

"பதினஞ்சாம் நாளு நான் போகவே இல்ல சார்" என்பார். "போயி என்னத்தக் காட்டுறது? தோலு கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு."

அதிலிருந்து அது அவருக்கு ஒரு விரதம்போல ஆகிவிட்டது. யார் கேட்டாலும் விளக்குவார். மொதல்ல அரிப்பு போவும், அப்புறம் வேர்க்குரு போவும், உடம்புச் சூடு எறங்கும், படுத்த உடனே கண்ணு சொருவும் என்று விரல் மடக்கிச் சொல்வார். "துணியச் சுத்திக்கிட்டுத் தூங்குறவன் பாதி நேரம் துணியோட சண்டை போடுறான் சார். எனக்குச் சண்டை கெடையாது. அதனால தூக்கமும் சுத்தம், முழிப்பும் சுத்தம். கதவை ஒரு தட்டு தட்டுங்க, எந்திரிச்சிருவேன்." துணிக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. "பகலெல்லாம் அது நம்மளச் சுமக்குது. ராத்திரி கொடியில தொங்கட்டுமே."

பங்குச் சாமியார் ஒருமுறை அங்கி தைக்கக் கொடுக்க வந்தவர், எல்லோரும் இருக்கும்போது வம்புக்கு இழுத்தார். "ஏம்பா, ராத்திரி வானத்துலேருந்து சம்மனசு எறங்கி வந்து எழுப்புனா என்ன செய்வ? அப்படியே எந்திரிச்சு நிப்பியா?"

"தலைமாட்டுல கைலி மடிச்சு வச்சிருக்கேன் சாமி. ஆனா சம்மனசு என்னைக்குச் சட்டை தைக்கக் குடுத்திருக்கு? அது ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார். சாமியார் சிரித்த சிரிப்பில் கடை வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு மீனவர் டவுசர் தைக்க வருவார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தொடையெல்லாம் வெடிப்பு. நடக்கும்போது கால்களை அகட்டி வைத்துத்தான் வருவார். இவர் சொன்னதைக் கேட்டு, "அண்ணே, ஒரே குடிசை, மூணு பொண்ணுங்க, நான் எங்க போயி அவுத்துப் போட்டுப் படுக்குறது?" என்று சலித்துக்கொண்டார். இவர் யோசித்துப் பார்த்து, கஞ்சி போடாத மெல்லிய மல்லுத்துணியில் ஒரு அகலமான போர்வை தைத்துக் கொடுத்தார். "உள்ளுக்கு ஒண்ணும் வேணாம், இதை மட்டும் போத்திக்கிட்டு வெளியில படுங்க" என்றார். இரண்டு மாதம் கழித்து அந்த ஆள் நேராக நடந்து வந்தார். கையில் ஒரு கூடை நண்டு.

ஆறு மாதக் குழந்தைக்கு நைலான் கவுன் தைக்கச் சொல்லி ஒரு வீட்டிலிருந்து வந்தபோது துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கொழந்த பேச முடியாது, அதனால நான் பேசுறேன். பருத்தித் துணி கொண்டாங்க. இல்லாட்டி வேற கடைக்குப் போங்க." அவர்கள் வேறு கடைக்குத்தான் போனார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் சொன்னது எல்லாம் சரி என்பது எனக்குத் தெரியும். வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது, ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் பூஞ்சை வளர்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். உறக்கம் பிடிக்க உடலின் வெப்பம் சற்றே இறங்க வேண்டும் என்பதையும் படித்திருந்தேன். ஆனால் அறிவியல் புத்தகத்தில் இருக்கும் தோல் வேறு, மனிதர்களிடம் இருக்கும் தோல் வேறு என்பதுபோல நடந்துகொள்ளவும் பழகியிருந்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இனி அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மாடி அறைக்கு இரண்டு வழிகள். தெருப்பக்கப் படிக்கட்டின் கதவை அவர் உள்ளே தாழிட்டுக்கொள்வார். இன்னொரு கதவு எங்கள் மாடிக் கூடத்திலிருந்து அவர் அறைக்குள் திறக்கும். அதற்குத் தாழ்ப்பாள் எங்கள் பக்கம் மட்டும்தான் இருந்தது. குடிவந்த அன்றே அவர் கேட்டார்: "சார், எம் பக்கமும் ஒரு தாப்பா போட்டுக்கட்டுமா? நான் படுக்குற விதத்தச் சொன்னேன்ல." பழைய தேக்குக் கதவு, துளை போட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். "தட்டாம யாரும் தெறக்க மாட்டோம், நான் பொறுப்பு" என்றேன். "அது போதும் சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவைப் பற்றிப் பேசவே இல்லை. என் வார்த்தையை நம்பித்தான் மூன்று வருடம் அந்த அறையில் உறங்கினார்.

என் மனைவிக்கு இடுப்பில் ஒரு புண் இருந்தது. பாவாடை நாடா அழுத்துமிடத்தில் வலது பக்கம் கருத்துத் தடித்து, கோடைகாலத்தில் வெடித்து நீர் வடியும். மஞ்சள் பூசுவாள், தேங்காயெண்ணெய் தடவுவாள். ஆறுவதுபோல இருந்து மறுபடி வெடிக்கும். அவளும் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கு இருப்பதுதானே என்று இருந்தோம்.

ஒருநாள் அளவு ரவிக்கை கொடுக்க அவள் கடைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தனபாக்கியம் அம்மாளும் அப்போது கடையில் இருந்தார். மனைவி நின்றபடி இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தையற்காரர் பார்த்துவிட்டார்.

"அம்மா, நாடா அறுத்துப் புண்ணாயிருக்கு போலருக்கே."

அவள் கையை எடுத்துவிட்டு முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

"ராத்திரி படுக்கறப்ப பாவாடைய அவுத்துப் போட்டுட்டுப் படுங்கம்மா. காத்துப் படணும். காத்துப் பட்டா மருந்தே வேணாம். நான் ஒரு துணியும் இல்லாமதான் படுக்குறேன், இருவத்தஞ்சு வருசமா ஒரு பொட்டு அரிப்பு கெடையாது."

தனபாக்கியம் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா தம்பி? டெய்லர் ஒங்க வூட்டுக்குள்ள சட்டம் போடுறாரு!"

நான் கேட்காததுபோலக் காற்றடித்தேன்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி நாடா கட்டாமல், புடவையை மட்டும் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுப்பதைக் கவனித்தேன். புண் காய்ந்து ஓரங்களில் புதுத் தோல் வந்திருந்தது. ஏன் இப்படிப் படுக்கிறாய் என்று கேட்டேன். "டெய்லர் சொன்னாருல்ல. நல்லாருக்குங்க. அரிப்பே இல்ல. எத்தன நாளாச்சு நான் இப்படித் தூங்கி" என்றாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்த நான் சொல்லாத ஒன்றை இன்னொரு ஆண் சொல்லி, அவள் கேட்டிருக்கிறாள். அவருடைய சொல் எங்கள் படுக்கையறைக்குள் வந்துவிட்டதாக நினைத்தேன். தனபாக்கியம் அம்மாளின் பார்வையும் நினைவுக்கு வந்தது.

"எடுத்துக் கட்டு" என்றேன்.

கட்டிக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் அவர் ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தனுப்பினார். நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலத்தில் மிருதுவான துணிப்பட்டி வைத்து, பக்கவாட்டில் கொக்கி போட்டிருந்தார். இதைக் கட்டினால் அழுத்தம் ஓரிடத்தில் விழாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அதை நானே எடுத்துக்கொண்டு கீழே போய் அவருடைய மிஷின் மேல் வைத்தேன். "எங்க வீட்டுப் பொம்பளைங்க உடம்பைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம்" என்றேன்.

அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "புண்ணு கெட்ட புண்ணா இருக்கும் சார். அதான்" என்றார்.

ஆனி மாதப் பௌர்ணமியன்று எங்கள் தெருவில் மாங்கனித் திருவிழா. சிவன் பிச்சை கேட்டு வரும் கோலத்தில் வீதியுலா வருவார். வேண்டிக்கொண்டவர்கள் மாடிகளிலிருந்தும் பால்கனிகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் ஏந்திக்கொள்ளும். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டு மாடியும் அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. உறவு, நட்பு, முகம் தெரியாதவர்கள் என்று எல்லோரும் ஏறி நிற்பார்கள். எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த பால்கனி அவருடைய அறையில்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அன்று காலையிலேயே பாயைச் சுருட்டி வைத்து, அறையைப் பெருக்கி, எங்களிடம் விட்டுவிட்டுக் கீழே போய்விடுவார்.

அந்த வருடம் பள்ளிச் சீருடையும் திருவிழாத் துணியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மூன்று நாள் அவர் கண்மூடவில்லை. காலை பத்து மணிக்குக் கடைசி ரவிக்கையைக் கொடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சார், சாமி நம்ம தெருவுக்கு வர ரெண்டு மணியாயிடும். ஒரு மணிக்குக் கதவை ஒரு தட்டு தட்டுங்க. அஞ்சு நிமிசத்துல காலி பண்ணிக் குடுத்துர்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"படுங்க. தட்டுறேன்" என்றேன்.

அப்போது என் மனதில் எதுவும் இல்லை என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சரி என்று சொல்லும்போதே நான் அந்தக் கதவை நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. என் அத்தை, அவருடைய இரண்டு மகள்கள், மகன், தனபாக்கியம் அம்மாள், இன்னும் நாலைந்து பெண்கள், குழந்தைகள். கூடை கூடையாக மாம்பழம். தெருவில் மேளச் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத இரைச்சல். நான் முதலில் போய்க் கதவருகே நின்றேன். என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். நான் தாழ்ப்பாளை இழுத்தேன். கதவைத் தள்ளித் திறந்துவிட்டு விலகி நின்று, "போங்க, போங்க, முன்னாடி போயி எடம் பிடிங்க" என்றேன்.

நான் தட்டவில்லை.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். உடம்பில் ஒரு தழும்பு இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. ஐம்பது வயது உடம்புபோல இல்லை. அந்த ஒரு நொடியில்கூட, அவர் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அத்தையின் மகள் அலறினாள். கூடை ஒன்று விழுந்து மாம்பழங்கள் உருண்டன. அவர் துள்ளியெழுந்து கைலியை எடுத்துச் சுற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே நின்றார். "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தையின் மகன் உள்ளே பாய்ந்து அவர் பிடரியில் அறைந்தான். "பொம்பளைங்க வர்ற எடத்துல அம்மணமாப் படுத்திருக்கியா? கேக்குறவன் இல்லன்னு நெனச்சியா?"

"நான் மூணு தடவ தட்டினேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அவர் அப்போதுதான் திரும்பினார். "தட்டினீங்களா சார்?"

"மூணு தடவ."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். சந்தேகத்தோடு பார்க்கவில்லை; யோசித்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப எந் தப்புதான். அசந்துட்டேன் போலருக்கு."

சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருப்பக்கக் கதவைத் திறந்து, படியிறங்கிப் போனார். இரண்டு மணிக்குச் சாமி வந்தது. அவர் அறைப் பால்கனியில் நின்று நான் மாம்பழம் இறைத்தேன். வீடு வீடாகப் பிச்சைக்கு வரும் அந்தக் கோலத்தைக் கோயில்களில் கல்லில் வடிக்கும்போது ஆடையில்லாமல்தான் வடிப்பார்கள். அது அன்று என் நினைவுக்கு வரவில்லை. வெகு வருடங்கள் கழித்து ஒரு கோயிலின் சுற்றுச்சுவர் மாடத்தில் அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது, கும்பிடக் கை எழவில்லை.

அதற்குப் பிறகு பெண்கள் யாரும் கடைப்படி ஏறவில்லை. சீருடை கொடுத்துக்கொண்டிருந்த பள்ளியும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் செய்தியை நாலாப்பக்கமும் கொண்டுபோயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் கடை வாசலில் நின்று, "அம்மணத் தையக்காரரே, எனக்கு ஒரு சட்டை!" என்று கூவிவிட்டு ஓடுவார்கள். அவர்களில் என் மாணவர்களும் உண்டு. நான் அதட்டியதில்லை.

அவர் யாரிடமும் வாதாடவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம், "சார் மூணு தடவ தட்டியிருக்காரு. எனக்குத்தான் கேக்கல" என்று அளவு சொல்லும் அதே குரலில் சொன்னார். என் பொய்யை எனக்காக ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்தான். அன்றிலிருந்து மாடியில் படுப்பதை விட்டுவிட்டார். கடைக்குள், மிஷினுக்கு அடியில், பேண்ட்டும் சட்டையும் போட்டபடியே படுத்தார். புரட்டாசி பிறக்கும் முன்பே ஒரு கைவண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு மண்டபத்தூருக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய தங்கை வீடு இருந்தது. போகும்போது என் மனைவியிடம், தைத்தது போக மிஞ்சிய துண்டுத் துணிகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு வருடம் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் புண் ஆறவே மறுத்தது. ஓரம் தடித்து, நடுவில் குழிந்து, தொட்டால் ரத்தம் வந்தது. உள்ளூர் மருத்துவர் பார்த்த உடனே பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சதையைக் கிள்ளிச் சோதித்து, புற்று என்று சொன்னார்கள். பரவவில்லை, வெட்டியெடுத்துவிடலாம் என்றார்கள். வெட்டினார்கள். பிழைத்தாள், அதற்குப் பின் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள்.

கட்டுப் பிரிக்கும் அன்று பெண் மருத்துவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "வருசக்கணக்கா நாடா ஒரே இடத்துல அறுத்திருக்கு. படுக்கும்போதாவது அவிழ்த்துப் போடுங்கன்னு ஒருத்தர்கூடவா சொல்லல?"

"ஒருத்தர் சொன்னாரு" என்றாள் என் மனைவி.

ஊர் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சிதம்பரம் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நீங்க தட்டல. நான் ஒங்க பின்னாடிதான நின்னேன்."

நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். எந் தப்பு எனக்கு. நீங்க போயி அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு மாலை மண்டபத்தூருக்குச் சைக்கிளில் போனேன். கடற்கரைத் தெருவில், கீற்றுக்கொட்டகை ஒன்றில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்கூட மாட்டியிருந்தது. கழுத்துப் பட்டையை ஒட்டி வேர்க்குரு வெடித்துச் சிவந்திருந்தது. மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும் சொறிந்த தடம். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார், வாங்க. அம்மா சௌக்கியமா?"

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். உச்சுக்கொட்டி வருந்தினார். "பட்டி வச்ச பாவாடை வேற யார்கிட்டயாவது தச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல. நான் கட்டவிடல." அதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் கதவைத் தட்டல."

அவர் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து அப்படியே நின்றார். "ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

"தெரிஞ்சேவா சார்?"

"தெரிஞ்சேதான்."

கடல் காற்றில் கீற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்தார். பேசியபோது, நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல் வந்தது.

"எட்டு வருசமா எந் தூக்கத்தயே நான் நம்பல சார். தட்டினாக்கூடக் கேக்காத தூக்கம் என்ன தூக்கம், அடுத்த தடவ யாரு முன்னாடி கெடப்பனோன்னு பயந்து, இந்தா, கழுத்து வரைக்கும் பூட்டிக்கிட்டுப் படுக்குறேன். கண்ணு மூடுனா கதவு தெறக்குற சத்தம். வருசா வருசம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்ப என்ன சொல்லுவேன் தெரியுமா? சுவாமி, பொம்பளைங்க மனசு நோவ, எஞ் சோம்பலால அப்படிக் கெடந்துட்டேன்னு சொல்லுவேன். எட்டுத் தடவ சொல்லியிருக்கேன். ஒங்க பாவத்த, எம் பாவம்னு."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம். மன்னிப்பு குடுக்க எனக்கு இப்ப மனசு இல்ல. இருந்தாக் குடுத்திருப்பேன். நீங்க அந்தத் தெருவுல போயி சொல்லுங்க. எல்லார்கிட்டயும் வேணாம், எதிர்வூட்டு அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்க காதுல போட்டா ஊருக்கே சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் பாக்கலாம்."

"இன்னிக்கே சொல்றேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். தனபாக்கியம் அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள்.

"வாங்க தம்பி. வூட்டுல எப்படி இருக்கு இப்ப?"

"பரவாயில்ல. ஒரு விஷயம் சொல்லணும்மா. நம்ம வீட்டுல முன்னாடி இருந்தாரே, டெய்லர்…"

"எந்த டெய்லரு?" என்று நிமிர்ந்தவர் உடனே தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆத்தாடி, நம்ம அம்மணத் தையக்காரனா! இன்னும் இருக்கானா அவன்? இப்பவாச்சும் எதையாவது கட்டிக்கிட்டுப் படுக்குறானா இல்லையாமா?"

மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பேரும் சிரித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று.

நானும் சிரித்தேன். "மண்டபத்தூர்ல பாத்தேன், அதான் சொல்ல வந்தேன்" என்றேன். கீரையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு எழுந்து தெருவைக் கடந்து வந்தேன்.

என் மனைவி, இடுப்பில் வெட்டிய இடத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வாசலில் நின்றிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.